வடிகால் வாரியங்களின் பொதுக்குரல்

ஏரி, கால்வாய் என்றவுடன், நீரைத் தேக்கி வயலுக்குக் கொணர்வதே நம்மவர் நினைவில் எழும். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலோ நிலைமை நேர்மாறானது. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே பரந்து கிடக்கும் ‘ஃபென்’ எனும் தாழ்நிலத்தில், நீரை வெளியேற்றினாலன்றி உழவும் இல்லை, குடியிருப்பும் இல்லை. அப்பணியை ஆற்றும் சிறு வாரியங்களின் பிரதிநிதியாக 1937-ஆம் ஆண்டில் தோன்றியதே வடிகால் அமைப்புகளின் சங்கம். அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

இத்துறையின் புகழ்பெற்ற பழஞ்சட்டம் 1531-இல், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் பிறந்தது. அதன் பெயரில் ‘சூயர்’ என்றொரு சொல் வருகிறது. சாக்கடை என்று பெயர்த்துவிடக் கை துடிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் இது. அந்நாளில் அச்சொல் தாழ்நிலத்து நீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வாய்க்காலையே குறித்தது. கரையையும் வாய்க்காலையும் மேற்பார்க்க ஆணையர்கள் இருந்தனர். பயன் பெறுவோரே செலவை ஏற்க வேண்டும் என்பது நெறி.

1630-களில் வெர்மூய்டன் என்னும் டச்சு நிபுணர் வந்து நேரான நெடுங்கால்வாய்களை வெட்டுவித்தார். நிலம் காய்ந்தது, விளைந்தது. ஆனால் காய்ந்த கரிமண் சுருங்கித் தாழவும் தொடங்கிற்று. நிலம் தாழத் தாழ, வாய்க்கால் உயர்ந்து நின்றது. தானே வடிந்த நீரை இறைத்து ஏற்ற வேண்டியதாயிற்று. முதலில் காற்றாலை, பின்பு நீராவி, அதன் பின் டீசலும் மின்சாரமும். 1851-இல் ஹோம் ஃபென் என்னுமிடத்தில் தரைமட்டத்திற்குப் புதைக்கப்பட்ட இரும்புத் தூண், இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தொடங்கிய இறைப்பை நிறுத்துவதென்பது இனி எவராலும் ஆகாது.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒருவர் இறைக்கும் நீர் அடுத்தவர் வாய்க்காலில்தான் சென்று விழும். ஆற்றின் முகத்துவாரம் தூர்ந்துபோயின் மேலே உள்ளோர் உழைப்பு முழுவதும் வீண். 1927-இல் ராயல் கமிஷன் இக்குழப்பத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதையொட்டி வந்த 1930-ஆம் ஆண்டுச் சட்டம், பேராறுகளை 47 ஆற்றுப்படுகை வாரியங்களிடமும், தாழ்நிலத்து வாய்க்கால்களை உள்வடிகால் வாரியங்களிடமும் ஒப்படைத்தது.

ஏழாண்டு கழித்து எழுந்த சங்கத்திற்கு எவரையும் ஆணையிடும் அதிகாரம் இல்லை. வரி விதிக்கவும் உரிமை இல்லை. மசோதா வரும்போது அதன் விளைவை உறுப்பினர்க்கு எடுத்துரைப்பதும், உறுப்பினர் குறையை அமைச்சரிடம் கொண்டு செல்வதுமே அதன் பணி. சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆயினும் மேலிடத்தில் நிகழ்ந்த மாறுதல்களை எண்ணிப் பாருங்கள். படுகை வாரியங்கள் போய், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆற்று வாரியங்கள் வந்தன. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றையும் மாற்றியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் நீர் ஆணையங்களை உண்டாக்கிற்று. 1989-இல் தேசிய ஆறுகள் ஆணையம், 1996-இல் சுற்றுச்சூழல் முகமை. ஒவ்வொரு மாற்றத்திலும் உள்வடிகால் வாரியத்தின் பொறுப்பு எது, பணம் எங்கிருந்து என்ற கேள்வி மீண்டும் எழும். ஓர் எழுத்தரும் சில விவசாயிகளும் கொண்ட வாரியம் தனியே எழுதும் கடிதத்தை யார் படிப்பார்?

கவனக்குறைவின் விலை பெரிது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கிக் கரைகளை உடைத்தபோது இங்கிலாந்தில் 307 பேர் மாண்டனர்.

வாரியங்களின் மீது குறை கூறுவோரும் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. அதிக நிலம் உடையவருக்கு அதிக வாக்கு என்பது அவற்றின் தேர்தல் முறை. வடிந்த சதுப்பில் வாழ்ந்த பறவைகளுக்கோ வாக்கே இல்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இயற்கையைப் பேணும் கடமையை வாரியங்கள்மீது உறுதியாகச் சுமத்தியது.

இணைந்து இணைந்து எண்ணிக்கை குறைந்து, இன்று 112 அளவில் நிற்கும் வாரியங்கள் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கரைக் காக்கின்றன. 2013-14 குளிர்காலத்தில் சாமர்செட் தாழ்நிலம் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்ததைக் கண்ட பின், பிற இடங்களிலும் வாரியம் வேண்டுமென்ற பேச்சு வலுத்தது. வரிக்கு அடிப்படையான பழைய நிலமதிப்புக் கணக்குகள் பல ஊர்களில் கிடைக்கவில்லை. சட்டமோ அவற்றையே கேட்டது. இத்தடையை நீக்கச் சங்கம் நெடுநாள் வாதாடியது. 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் புதிய கணக்கைக் கொள்ள வழி திறந்தது.