மதகின் கீழ்க் கிடந்த மும்மொழிக் கல்

சீனா என்றதும் நம் மாணவர்க்குப் பட்டும் பீங்கானுமே நினைவுக்கு வரும். அண்மையில் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், சீனச் சக்கரவர்த்தி தமிழிலே கல்வெட்டு எழுதுவித்தாராமே, மெய்யா?" என்று கேட்டாள். மெய்தான் என்றேன். ஆனால் பேராதனையில் படித்த நாளில், கொழும்பு நூதனசாலையில் அந்தக் கல்லின் முன் ஐந்து நிமிடமும் நில்லாமல் வந்தவன் நான். அன்று மாலை கட்டுகஸ்தோட்டையில், வீட்டுக் கணினியில், இணையத்திற் கிடைத்த மைப்படியை எழுத்தெழுத்தாகப் பார்க்கத் தொடங்கினேன்.

1911இல் காலி நகரில் தொம்லின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்த கல் அது. தெரு மதகொன்றுக்கு மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் கீழ்நோக்கிக் கிடந்தது. அதன்மேல் எத்தனை மாட்டுவண்டிகள் ஓடினவோ! குப்புறக் கிடந்ததனாற்றான் எழுத்து இவ்வளவேனும் பிழைத்தது போலும்.

மிங் வம்சத்து யொங்லெ சக்கரவர்த்தியின் பெயரால் 1409 பெப்ரவரித் திகதியிட்டுப் பொறிக்கப்பட்டது. தளபதி செங் ஹோவின் கப்பலில் வந்தது. வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், கீழே பாரசீகம். ஒன்றையே மூன்று மொழியில் பெயர்த்த கல் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. சீனப் பகுதி புத்தபெருமானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயினாரை. தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தை. காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறத்தாழ ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் எனத் தொடர்கிறது. கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் மூவர்.

தெனவரை என்பது மாத்தறைக்கு அருகிலுள்ள இன்றைய தெவிநுவர. 1344இல் அங்கு வந்த இப்னு பதூதா, கோயிலில் ஆயிரம் பிராமணரும் யோகியரும், இரவுதோறும் ஆடிப்பாடும் ஐந்நூறு பெண்களும் இருந்ததாக எழுதினார். சிங்கள நாட்டின் தென்கோடியில் தமிழ் எதற்கு? துறைமுகத்தில் வணிகர் பேசிய மொழி அது. அவ்வணிகரின் கால்கள் சீனத்திலும் பதிந்திருந்தன. சுவான்சௌ நகரிற் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே சிவன் கோயில் இருந்ததைச் சொல்கிறது. ஆகவே சக்கரவர்த்தி தமிழ்மீது காதல் கொண்டார் என்று மேடையில் முழங்க வேண்டாம். கொண்ட காரியம் நடக்க எந்த மொழி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே.

காணிக்கை தந்த கை வாளும் எடுத்தது. 1411இல் செங் ஹோவின் படை இலங்கை ஆட்சியாளன் ஒருவனைக் குடும்பத்தோடு சிறைப்பிடித்துச் சீனம் கொண்டுபோயிற்று. சக்கரவர்த்தி பின்னர் விடுவித்தார். அவன் வீர அழகேஸ்வரன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அவன் குலத்தார், எங்கள் மகாவலியின் மேற்பக்கத்துக் கம்பளையில் அமைச்சராயிருந்தவர்கள். இதைச் சொன்னபோது வகுப்பு சற்று அடங்கியது. காணிக்கைக் கதையோடு நிறுத்தியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

தெனவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். பொன்னும் பட்டும் போன இடம் தெரியாது. மறுநாள் மைப்படியை அச்செடுத்து மாணவியிடம் கொடுத்தேன். அரைமணி நேரம் விரலை ஓட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "சேர், இதோ நாயினார்!" என்றாள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.