எங்கே போயின அந்தப் பதக்கங்கள்?

பதக்கம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? பள்ளி விளையாட்டு விழாவில் கழுத்தில் மாட்டிய வெள்ளி வட்டாக இருக்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கறுத்துப் போகும். ஆனால் வீட்டுப் பெட்டிக்குள் எங்கேனும் ஓரிடத்தில் கிடக்கும். உலோகமும் எடையும் சிறிதும் இல்லாமல், ஒளிப்புள்ளிகளால் மட்டுமே ஆன பதக்கங்களும் ஒரு காலத்தில் இருந்தன. 1990-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் இருப்புப்பாதை ஆர்வலர்கள் சிறந்த இருப்புப்பாதை வலைத்தளங்களுக்கு அவற்றைப் பரிசாக வழங்கினார்கள். இன்று அவற்றைத் தேடினால் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. ஏன் காணவில்லை? அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

இரயிலும் பரிசும்

இருப்புப்பாதைக்கும் பரிசுப் போட்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1829-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இங்கிலாந்தில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நீராவி எஞ்சின்களுக்கு ஒரு போட்டி நடந்தது. பரிசுத் தொகை 500 பவுன். எஞ்சின் தன் எடையைப்போல் மும்மடங்கு சுமையை மணிக்கு 10 மைல் வேகத்தில் இழுக்க வேண்டும் என்பது விதி. ஸ்டீவன்சன்களின் 'ராக்கெட்' வென்றது. நடுவர்களுள் ஒருவரான ஜான் ராஸ்ட்ரிக் எழுதிய குறிப்பேடு இன்றும் இருக்கிறது. ராக்கெட்டும் அருங்காட்சியகப் பொருளாகக் காக்கப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த போட்டியை நாம் மீண்டும் ஆராய்ந்து பார்க்க முடிகிறது!

மற்றோர் எடுத்துக்காட்டு. மாதிரி இரயில்கள் செய்வோருக்காக 1935-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. அச்சங்கம் வகுத்த பதினொரு பிரிவுகளுள் ஏழில் சான்றிதழ் பெற்றவருக்கு 'மாதிரி இரயில் வல்லுநர்' என்னும் பட்டம் கிடைக்கும். சான்றிதழ் காகிதத்தில் அச்சாகிறது; பெயர் சங்கத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று சாட்சி சொல்லும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

மறைந்தவற்றை நினைப்பவர்கள்

1916-இல் அமெரிக்காவின் இருப்புப்பாதைகள் உச்ச அளவை எட்டின. மொத்த நீளம் ஏறத்தாழ 2,54,000 மைல். அதன் பிறகு மோட்டார் வண்டியும் விமானமும் போட்டிக்கு வந்தன. பாதைகள் சுருங்கின, கம்பெனிகள் ஒன்றோடொன்று இணைந்தன, அல்லது மூழ்கின. 1968-இல் பெரும் ஆரவாரத்துடன் இணைந்து உருவான பென் சென்ட்ரல் கம்பெனி 1970-இலேயே திவாலாயிற்று. ராக் ஐலண்டு கம்பெனி 1980-இல் ஓட்டத்தை நிறுத்தியது. இவ்வாறு மறைந்த கம்பெனிகளை 'வீழ்ந்த கொடிகள்' என்று அந்நாட்டு ஆர்வலர்கள் அழைக்கிறார்கள்.

எந்த எஞ்சின் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதன் எண் என்ன, யாருக்கு விற்கப்பட்டது, எந்தக் கிளைப்பாதை எப்போது பிடுங்கப்பட்டது என்பனவற்றை இவர்கள் சம்பளமின்றித் திரட்டினார்கள். அலுவலகக் கோப்புகளில் இல்லாத செய்திகள் கூட இவர்களிடம் இருந்தன. ஆனால் அவற்றை அச்சிடப் பணம் வேண்டுமே! அங்கேதான் இணையம் கைகொடுத்தது.

ஒளிப்புள்ளிப் பதக்கம்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் முன்மொழிந்த உலகளாவிய வலை, 1993-இல் எல்லோரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு விடப்பட்டது. 1994-இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் போன்ற நிறுவனங்கள் பொதுமக்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தன. இரயில் ஆர்வலர்கள் தம் புகைப்படங்களையும் பட்டியல்களையும் அங்கே ஏற்றினார்கள்.

உடனே ஒரு சிக்கல் எழுந்தது. ஆயிரக்கணக்கான வலைத்தளங்களில் நல்லது எது, வெறும் உமி எது? அன்றைய தேடுபொறிகள் அவ்வளவு திறமை வாய்ந்தவை அல்ல. ஆகவே மனிதர்களே தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1994-இல் கிளென் டேவிஸ் என்பவர் நாளுக்கொரு சிறந்த வலைத்தளத்தைச் சுட்டிக்காட்டத் தொடங்கினார். அந்த வழக்கம் காட்டுத்தீ போல் பரவியது. ஒவ்வொரு துறை ஆர்வலரும் தத்தம் துறைக்குப் பரிசு ஏற்படுத்தினர். இரயில் ஆர்வலர்களும் அவ்வாறே செய்தனர்.

முறை எளிது. தளத்தை நடத்துபவர் விண்ணப்பம் அனுப்புவார். பரிசு தருபவர் அதைப் பார்வையிடுவார். செய்தி சரியானதா, படங்கள் சொந்தமானவையா, பக்கம் விரைவாக இறங்குகிறதா, இணைப்புகள் அறுபடாமல் இருக்கின்றனவா என்றெல்லாம் சோதிப்பார். தேறினால் ஒரு சிறு படம் அனுப்பி வைப்பார். அதுவே பதக்கம்! வென்றவர் அதைத் தம் பக்கத்தில் பதித்து, பரிசு தந்தவரின் தளத்துக்கு ஓர் இணைப்பும் கொடுப்பார்.

படம் ஏன் சிறிதாக இருந்தது? சிறு கணக்கு ஒன்று போடுவோம். அக்காலத் தளங்களில் அலங்காரப் பொத்தான்களுக்கு 88 புள்ளி அகலம், 31 புள்ளி உயரம் என்ற அளவு வழக்கமாகியிருந்தது. புள்ளிகளின் எண்ணிக்கை 2,728. புள்ளிக்கு ஒரு பைட் (8 பிட்) என்றால் 21,824 பிட். அன்று புழக்கத்தில் இருந்த தொலைபேசி மோடம்களுள் ஒரு வகை வினாடிக்கு 28,800 பிட் கடத்தும். ஆகவே ஒரு வினாடிக்குள் பொத்தான் வந்து சேர்ந்துவிடும். 60 கிலோபைட் புகைப்படத்துக்கோ 17 வினாடிகள் காத்திருக்க வேண்டும். பதக்கம் பொத்தானைவிடச் சற்றே பெரிது. எனினும் அதைச் செய்தவர் ஒவ்வொரு பைட்டையும் எண்ணித்தான் செலவழித்தார்.

இந்தப் பரிசுகளில் குறையும் இருந்தது. வென்றவர் ஒவ்வொருவரும் பரிசு தந்தவருக்கு இலவச விளம்பரமாகிவிடுகிறார் அல்லவா? விளம்பரத்துக்காகவே தகுதி பாராமல் பதக்கங்களை வாரி வழங்கியவர்களும் உண்டு. இதனால் பரிசு தருபவர்களையே தரம்பிரிக்கும் பட்டியல்கள் தோன்றின! எனினும், தொலைவில் முகமறியாத ஒருவர் தம் உழைப்பை வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பதே பல ஆர்வலர்களுக்குப் பெரும் ஊக்கமாக இருந்தது.

ஏன் நின்றன?

1998-இல் கூகுள் நிறுவனம் தோன்றியது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவை எத்தகையவை என்று கணக்கிட்டு அது தரவரிசை அமைத்தது. பதக்கம் செய்துவந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. 2001-இல் விக்கிப்பீடியாவும் 2004-இல் பேஸ்புக்கும் வந்தன. ஆர்வலர்கள் அங்கெல்லாம் குடிபெயர்ந்தனர். பதக்கத்தின் இடத்தை விருப்பக்குறி பிடித்துக்கொண்டது. பெரும்பாலும் தனி ஒருவர் ஓய்வு நேரத்தில் நடத்திய பரிசு, அவர் ஓய்ந்ததும் ஓய்ந்தது.

நின்றது மட்டுமன்று, தடமும் அழிந்தது. வலைப்பக்கத்தில் படம் ஒட்டப்பட்டிருப்பதில்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரியே எழுதப்பட்டிருக்கிறது. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் புகைப்படத்தை வைக்காமல், "இன்ன தெருவில் இன்ன வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று எழுதுவதற்கு ஒப்பானது இது. வீடு இடிந்தால் படமும் போயிற்று. 2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. பல இலட்சம் வீடுகள் ஒரே நாளில் இடிந்தன.

அரை ஆயுட்காலம்

கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் என்ற கருத்தைப் படித்திருப்பீர்கள். அதை இங்கே பொருத்திப் பார்ப்போம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. அதாவது எஞ்சியவை 62 விழுக்காடு. சிதைவு ஒரே சீரான வீதத்தில் நடப்பதாகக் கொண்டால், அரை ஆயுட்காலம் சுமார் பதினான்கரை ஆண்டு. 25 ஆண்டுகளில் நூறு பக்கங்களில் முப்பது மிஞ்சும்.

ஆனால் பதக்கம் பொருளுடையதாக இருக்க, தந்தவர் பக்கம், பெற்றவர் பக்கம் ஆகிய இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். அவை தனித்தனியே அழிகின்றன என்று கொண்டால் 0.3-ஐ 0.3-ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 0.09. நூற்றுக்கு ஒன்பது!

இது ஒரு தோராயமே. அணுக்கரு ஒன்று சிதைவது மற்றொன்றைப் பாதிப்பதில்லை. வலைத்தளங்களோ ஒரு நிறுவனம் மூடப்பட்டால் கூட்டமாகச் சாகின்றன. ஆகவே உண்மை நிலை இக்கணக்கிலிருந்து விலகியிருக்கலாம். எனினும் போக்கு புரிகிறதல்லவா?

எஞ்சியதும் நாம் செய்யத்தக்கதும்

எல்லாமே போய்விடவில்லை. 1996-இல் புரூஸ்டர் கேல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இணையக் காப்பகம் பழைய பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைத்தது. 2001-இல் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. ஜியோசிட்டீஸ் மூடப்படும் வேளையில் தன்னார்வலர் குழு ஒன்று இரவு பகலாக உழைத்து 600 கிகாபைட்டுக்கும் மேற்பட்ட பக்கங்களைக் காப்பாற்றியது. ஆனால் இத்தகைய நகல்களில் சொற்கள் இருந்தும் படங்கள் விடுபட்டுப் போவது உண்டு. பதக்கம் இருந்த இடத்தில் வெற்றுச் சதுரம்தான் தெரியும்.

வீழ்ந்த கொடிகளைக் காக்க முயன்றவர்களின் கொடிகளும் வீழ்ந்துவிட்டன. பதக்கம் போனது சிறு இழப்பே. அதைப் பெறத் தகுதியாக இருந்த எஞ்சின் பட்டியல்களும், பிடுங்கப்பட்ட பாதைகளின் படங்களும் அதனுடன் போயிருந்தால் அதுவே பேரிழப்பு. ராஸ்ட்ரிக்கின் குறிப்பேடு வாழ்கிறதென்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ அதைப் பொருட்படுத்திக் காத்ததால்தான். மின் எழுத்துக்கும் அத்தகைய காவலர் தேவை.

நீங்களும் உங்கள் ஊர் நிலையத்தைப் பற்றியோ, ஏரியைப் பற்றியோ, கோயில் கல்வெட்டைப் பற்றியோ தகவல் திரட்டியிருக்கலாம். அதை இணையத்தில் ஏற்றுங்கள், நல்லதே. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வேறோர் இடத்தில் ஒரு நகல், நண்பர் ஒருவரிடம் ஒரு நகல், காகிதத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் குறித்து வையுங்கள். ஒரு நகல் அழிவதற்கான வாய்ப்பு 0.7 என்றால், தனித்தனியே இருக்கும் மூன்றும் அழிவதற்கான வாய்ப்பு எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள், நகலின் அருமை விளங்கும்.