வானொலியின் முனகல்

பாட்டின் அடியில் 'ம்ம்ம்' என்று வானொலி முனகுவதை நாம் கேட்டிருக்கிறோம். அந்த முனகல் எப்போது வந்தது?

1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வீட்டு வால்வு வானொலிகள் பெரும்பாலும் பேட்டரியால் இயங்கின. பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் ஓடும். முனகல் இல்லை, செலவுதான் அதிகம். வீட்டு மின்சாரமோ திசை மாறி மாறி ஓடுவது. நம் நாட்டில் விநாடிக்கு 50 சுற்று. அதை வால்வின் இழைக்குக் கொடுத்தபோது, அந்த அதிர்வும் ஒலியோடு கலந்தது.

இழையின் சூட்டை மட்டும் பயன்படுத்தி, அதன் மின்சாரத்தை ஒலியில் கலக்கவிடாத வால்வைக் கொண்டு, 1925இல் கனடாவின் எட்வர்ட் ரோஜர்ஸ் பேட்டரி வேண்டாத வானொலியைக் கொண்டுவந்தார்.

வால்வுகள் போயின, முனகல் போகவில்லை. பேட்டரி போட்டதும் முனகல் நின்றால், குறை மின்சாரம் வரும் வழியில்தான். அதைச் சீராக்கும் கண்டென்சர் பழுதாகியிருக்கலாம். பெட்டியை நாமே திறவாமல், பழுது பார்ப்பவரிடம் கொடுப்போம்.

சிலர் முனகலை நிறுத்த எர்த் கம்பியை அறுத்துவிடுகிறார்கள். முனகல் நிற்கவும் கூடும். ஆனால், மின்கசிவு வந்தால் நம் பிள்ளைகளைக் காப்பது அந்தக் கம்பியே. முனகலைப் பொறுத்துக்கொள்வோம், கம்பியைத் தொடவேண்டாம்.