மட்டாஞ்சேரி: வாய்மொழி வரலாறும் ஆவணப்படமும்

கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில் வாழ்ந்தவர்களின் பேச்சையும் பாட்டையும் நினைவையும் ஆதாரமாகக் கொண்டு எழுந்த ஒலிப்பதிவுகள், திரைப்படங்கள் பற்றியது இப்பதிவு. மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் உருதும் தமிழும் புழங்கும் ஊர் இது. அரண்மனையும் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயிலும் ஏட்டில் இடம்பெற்றன. மூட்டை சுமந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது.

இங்கே படத்துக்கு முன்பே ஒலி வந்துவிட்டது. கொச்சி யூதப் பெண்கள் திருமணத்திலும் பண்டிகையிலும் பாடிய மலையாளப் பாடல்களைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்துப் போற்றினர். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் கூடவே சென்றன. 1970-கள் தொட்டு மானிடவியலாளர் பார்பரா ஜான்சனும் பிறரும் அந்த மூதாட்டிகளைத் தேடிப்போய்ப் பாடச்சொல்லிப் பதிவுசெய்தனர். 2004-இல் அவற்றில் ஒரு தொகுப்பு குறுந்தட்டாக வந்தது. கொச்சியில் பிறந்த ரூபி டேனியலின் நினைவுகளும் ஜான்சனின் துணையோடு 1995-இல் நூலாயின. வழிபாட்டு மொழியான எபிரேயத்தில் கிடைக்காத வீட்டு வாழ்க்கை இவற்றில் கிடைக்கிறது என்பதே இவற்றின் பெருமை.

சாதாரண மனிதரைக் கேமரா முன் பேசவைக்கும் முறை 1935-இல் பிரிட்டனின் குடிசைவாசிகளைப் பற்றிய படத்திலேயே உண்டு. இந்தியாவில், சுதந்திர நாளில் பிறந்த இளைஞர்களை இயக்குநர் எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967-இல் பேசவைத்தார். கேரளத்தில் இந்தப் போக்குக்கு வேறொரு வேகம் கொடுத்தவர், ‘அக்ரகாரத்தில் கழுதை’ மூலம் தமிழர் அறிந்த ஜான் ஆபிரகாம். அவருடைய ஒடேசா குழு ஊர் ஊராக மக்களிடம் காசு திரட்டி எடுத்த ‘அம்ம அறியான்’ (1986), வயநாட்டிலிருந்து கொச்சிவரை செல்லும் ஒரு பயணத்தில் கதையையும் மக்கள் போராட்டங்களின் நிஜத்தையும் பின்னிக் காட்டியது.

மட்டாஞ்சேரியின் ஆறாத நினைவு ‘சாப்பா’. துறைமுகத்தில் வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின்மீது உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டிமோதிப் பொறுக்கியவருக்கே அன்று கூலி. இம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூன்று தொழிலாளர்களை அப்போராட்டத்தின் தியாகிகளாக ஊர் நினைவுகூர்கிறது. கே.எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார். அவர் மகன் கோபன் சிதம்பரனின் திரைக்கதையில் ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ 2023-இல் வெளியானது. அது கதைப்படம்தான். ஆனாலும் தொழிலாளர் குடும்பங்கள் காத்துவந்த நினைவு அதில் உயிரோடு இருக்கிறது.

அண்மைக்கால ஆவணப்படங்களில் சரத் கொட்டிக்கல்லின் ‘சாரா தாஹா தௌஃபீக்’ குறிப்பிடத்தக்கது. யூதத் தெருவில் பூத்தையல் கடை நடத்தி 2019-இல் தம் 96-ஆம் வயதில் மறைந்த சாரா கோஹனுக்கும், அவரைத் தாயாகப் பேணிய தாஹா இப்ராஹிமுக்கும் இருந்த உறவே அதன் கரு. ஒரு சமூகத்தின் நினைவை வேறு மதத்தவர் சுமக்கிறார். மட்டாஞ்சேரியின் இயல்பைச் சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

யூதத் தெருவுக்குக் கிடைத்த இந்தக் கவனம் துறைமுகத் தொழிலாளருக்கும், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழருக்கும் கிடைக்க வேண்டும். 1953-இல் இருபது வயதில் வில்லைக்காக முண்டியடித்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அவரிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.