ஓடுகிற வண்டிக்கு எதற்கு வைத்தியம்?

"ஓடுதில்ல மாப்ள, அப்பறம் எதுக்கு மாத்தோணும்?"

12 வயதான தன் காரைப் பற்றி என் மாமா வழக்கமாகச் சொல்வது இதுதான். ஆனால் அவரே தன் லாரியை எஃப்.சி. காட்டும் முன் ஒரு வாரம் நாமக்கல் பட்டறையிலேயே கிடப்பார். பிரேக் லைனிங், கிங்பின் புஷ், ஏர் ஹோஸ், டயர் என்று தேய்ந்ததெல்லாம் மாறும். ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு நியாயம்? யோசித்துப் பார்த்தால் இதற்குப் பின்னால் ஒரு சின்ன சரித்திரமே இருக்கிறது.

முதல் காரணம் சட்டம். 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே பஸ், லாரி போன்ற வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம். 1988-ல் வந்த புதிய சட்டமும் அதைத் தொடர்ந்தது. இன்றைய விதிப்படி லாரிக்கு 8 வயது வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடாவருடம் எஃப்.சி. காட்டியாக வேண்டும். சொந்தக் காருக்கோ, புகைப் பரிசோதனையைத் தவிர, முதல் 15 வருடம் யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அதற்கப்புறமும் 5 வருடத்துக்கு ஒருமுறைதான்.

லாரி சோறு போடுகிற நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் இதனால் ஒரு பழக்கமே ஊறிவிட்டது. எது எப்போது உடையும் என்று காத்திருக்காமல், எஃப்.சி. தேதியை வைத்து முன்கூட்டியே மாற்றிவிடுவது. அந்தத் தேதி இல்லாததால் கார் தப்பித்துவிட்டது (உண்மையில் மாட்டிக்கொண்டது!).

இரண்டாவது காரணம் அம்பாசடர். 1953-ல் மத்திய அரசு, இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத கம்பெனிகள் வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி மட்டும் கார் விற்கக் கூடாது என்றது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு கடையைக் கட்டின. இந்துஸ்தான், பிரீமியர், சென்னை ஸ்டாண்டர்டு ஆகியவைதான் முக்கியமாக மிஞ்சின. புதுக் காருக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே இருக்கிற காரைத்தான் ஓட்டியாக வேண்டும். இன்ஜின் தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டார்கள். பிரேக் ஷூவைத் தூக்கி எறியாமல் புது லைனிங் வைத்து ரிவிட் அடித்தார்கள். நம் மெக்கானிக்குகளின் கைத்திறமை அந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்தது.

இதில் இன்னொரு விஷயம், அம்பாசடர் பேசுகிற வண்டி. டைமிங் செயின் தளர்ந்தால் கடகடக்கும். கிங்பின் தேய்ந்தால் ஸ்டியரிங் ஆடும். பெரும்பாலான கோளாறு முன்னாலேயே சத்தம் போட்டுச் சொல்லிவிடும். "சத்தம் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பது அந்தக் காருக்கு ஓரளவு சரியான புத்திதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது கணக்கு மாறியது. அதன் இன்ஜினில் செயினுக்குப் பதில் ரப்பர் டைமிங் பெல்ட். பெல்ட் பொதுவாகச் சத்தம் போடாது. நேற்று வரை ஓடும், இன்று அறும். அதைக் கடையவோ ரிவிட் அடிக்கவோ முடியாது. கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றுவது ஒன்றே வழி. வண்டி மாறியது, நம் புத்தி மாறவில்லை. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல்தான் நின்றன. அம்பாசடர் காலத்துப் பழமொழி மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் வயது பார்த்து மாற்ற வேண்டுமா? அதுவும் தப்பு. 1978-ல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நவ்லன், ஹீப் இருவரும் விமான பாகங்களைப் பற்றி எழுதிய அறிக்கை பிரபலம். வயதை வைத்து மாற்றுவதால் பலன் தரக்கூடியவை சுமார் 11 சதவீதம்தான் என்றார்கள். மீதியைச் சோதித்துப் பார்த்தால் போதும். விமானமும் காரும் ஒன்றல்ல, ஆனாலும் பாடம் ஒன்றுதான்: எது வயதால் கெடும் என்று தெரிந்து அதை மட்டும் மாற்று. காரில் அது பெரும்பாலும் ரப்பரும் திரவமும். பெல்ட், ஹோஸ், டயர், பிரேக் ஆயில், கூலன்ட்.

பிரேக் ஆயில் என்றதும் கொல்லிமலை ஞாபகம் வருகிறது. போன வருடம் மாமா காரில் போய்விட்டுக் காரவள்ளி பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவு. பாதி தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. முதல் கியரில் ஊர்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஓரமாக நிறுத்தினார். பின்சீட்டில் அத்தையும் குழந்தைகளும். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை.

காரணம் எளிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். விடாமல் பிரேக் பிடித்து இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியை அழுத்தினால் சுருங்கும், பிரேக் பிடிக்காது. பட்டறையில் திறந்தால் ஆயில் காபி நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றியது என்று மாமாவுக்கே தெரியவில்லை. மாற்ற ஆன செலவு, லாரிக்கு ஒரு டயர் பஞ்சர் பார்ப்பது மாதிரி.

இப்போது மாமா ஒரு வேலை செய்கிறார். லாரிக்கு எஃப்.சி. வரும் அதே வாரத்தில் காரையும் பட்டறையில் விடுகிறார். அரசாங்கம் கேட்காத எஃப்.சி., அவராகவே காட்டுவது.

உங்கள் வீட்டுக் காரில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? இன்று சாயங்காலம் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். "ஓடுதில்ல" என்று பதில் வந்தால் கொஞ்சம் கவலைப்படுங்கள்.