மணலில் எழுதின பிள்ளைகள்

எங்கட அப்பம்மாக்கள் வாத்தியாரைச் 'சட்டம்பியார்' என்றுதான் சொல்லுவார்கள். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் இதைப்போலவே 'சட்டாம்பிள்ளை' என்று ஒரு சொல் இருந்தது. ஆனால் அது வாத்தியாரைக் குறிக்காது. மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாணவனைத்தான் குறிக்கும். அவனுக்குப் பின்னால் மதராசிலிருந்து லண்டன் வரை போன ஒரு கதை இருக்கிறது.

1789இல் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், மதராஸ் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளின் அநாதை இல்லத்தைப் பொறுப்பெடுத்தார். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகள். சம்பளத்துக்கு ஆசிரியர்கள் இருந்தும் படிப்பு நகரவில்லை. ஒருநாள் போகும் வழியில், ஒரு 'மலபார்' பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பெல் கண்டார். தமிழரை அக்காலத்து ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள்.

திண்ணைப் பள்ளியில் எழுத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. வாய் சொல்லவேணும், விரல் எழுதவேணும். பிழைத்தால் மணலைத் தடவிவிட்டுத் திரும்ப எழுதலாம். ஒருவன் உரக்கச் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்வதை 'முறை வைத்தல்' என்பார்கள்.

இதைச் செய்துபார்க்கச் சொன்னபோது பெல்லின் ஆசிரியர்கள் மனம்வைக்கவில்லை. அதனால் ஜோன் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பெடியனிடம் அரிச்சுவடி வகுப்பைக் கொடுத்தார். பெடியன் நடத்திக்காட்டினான். அதன் பிறகு பள்ளி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1797இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

ஆனால் பரவின விதம் வேறு. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம், செலவு குறைவு என்பதே அங்கே பெரிய கவர்ச்சியானது. பிள்ளைகள் வரிசையில் நின்று, கட்டளைக்கு எழுதி, கட்டளைக்கு நிறுத்தினார்கள். கைகள் அசைந்தன, யோசிக்க இடமில்லை.

திண்ணைப் பள்ளியையும் நாங்கள் புனிதமாக்கத் தேவையில்லை. அங்கே பிரம்பு இருந்தது, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமே இருக்கவில்லை.

ஆனாலும் ஃப்ரிஸ்கனின் வகுப்பில் ஒரு விசயம் இருக்கிறது. இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கவேணும் என்றால், சொல்லப்போகிறவர் முதலில் தனக்கே விளங்கப்படுத்திக்கொள்ளவேணும். பொறுப்புக் கிடைத்த பிள்ளை நித்திரை கொள்ளாது.

இலங்கையில் 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தம், ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றையும் கொண்டுவந்தது. முதலாம் ஆண்டில் வட்டமாய் இருந்து, ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுத்துப் படிக்கிற பிள்ளைகளை இப்போதும் காணலாம். ஐந்தாம் ஆண்டு வர, புலமைப்பரிசில் என்ற பெயரில் அதே பிள்ளைகள் வரிசையாய் இருந்து, வாய் திறக்காமல், மொடல் பேப்பர் செய்கிறார்கள். கை அசைகிறது. 'பிள்ளையள் நல்ல அமைதி' என்று நாங்களும் சந்தோசப்படுகிறோம். அந்த அமைதியைத்தான் நாங்கள் சந்தேகிக்கவேணும்.