சோம்பல் மொழி வெளியுலகத்தோடு பேசக் கற்ற கதை

"கேட்டால்தான் செய்வன்" எண்டு ஒரு கணினி மொழி அடம்பிடித்தால், அதைக்கொண்டு ஒரு கோப்பை வாசிப்பது எப்படி? ஹாஸ்கெல் மொழியின் வரலாற்றில் நாங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கிற கேள்வி இதுதான்.

1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நடந்த மாநாட்டில் சில ஆய்வாளர்கள் கூடினார்கள். தேவைப்படும்வரை எதையும் கணிக்காத சோம்பல் மொழிகள் அப்போதே ஒரு டசினுக்கு மேல். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேணும் எண்டு குழு அமைத்தார்கள். 1990 ஏப்ரலில் முதல் அறிக்கை வந்தது.

சிக்கல் இதுதான்: சோம்பல் மொழியில் எந்த வரி எப்ப நடக்கும் எண்டு சொல்லேலாது. 'பெயரைக் கேள், பிறகு வணக்கம் சொல்' எண்டு எழுதினால் ஒழுங்கு மாறலாம். ஒன்று நடக்காமலே போகலாம். அதனால் வெளியுலக வேலைகளைக் கணிப்புக்குள் கலக்க வழியில்லை. மொழி தூய்மையாக இருந்தது கொள்கையால் மட்டுமல்ல, வேறு வழியில்லாததாலும்தான்.

முதல் பதிப்பில் நிரல் என்பது பதில்களின் பட்டியலை வாங்கி, கோரிக்கைகளின் பட்டியலைத் தரும் ஒரு சார்பு. கோரிக்கையை அனுப்பமுதல் பதிலை எட்டிப் பார்த்தால் நிரல் அப்படியே நின்றுவிடும். 1993இல் சைமன் பெய்டன் ஜோன்ஸும் பிலிப் வாட்லரும் மோனாட் வழியை முன்வைத்தார்கள். செயலும் ஒரு மதிப்புத்தான்; அவற்றைக் கோர்த்தால் ஒழுங்கு தானாக வரும். 1996இல் வந்த 1.3 பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் பழைய சோம்பல் முழுசாகப் போகவில்லை. 'ரீட்ஃபைல்' முழுக் கோப்பையும் ஒரே சரமாகத் தருவதுபோலக் காட்டும்; உண்மையில் கேட்கக் கேட்கத்தான் வாசிக்கும். பெரிய கோப்பும் சின்ன நினைவகத்தில் அடங்கும், வடிவுதான். ஆனால் வாசித்து முடியமுதல் கோப்பை மூடினால் மிச்சம் கிடையாது. இடையில் வரும் பிழைகள் கைவிடப்படும் எண்டு ஹாஸ்கெல் 98 அறிக்கையே எழுதி வைத்திருக்கிறது. தூய கணிப்பு எண்டு நாங்கள் நம்புகிற இடத்துக்குள் வட்டு வாசிப்பு ஒளிந்திருக்கிறது.

ஒலெக் கிசெல்யோவின் இட்டரேட்டிகளும், பிறகு வந்த கண்டியூட், பைப்ஸ் நூலகங்களும் இதைச் சரிக்கட்டவே பிறந்தன. எண்டாலும் 'ரீட்ஃபைல்' இன்றும் அடிப்படை நூலகத்தில் அப்படியே கிடக்கு. புதிதாகப் படிக்க வாற பிள்ளை முதலில் தொடுவதும் அதைத்தான். எச்சரிக்கை ஒன்றாவது பக்கத்தில் இருக்கவேணும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம்.